முதுகு வலி, பி.எச்டி., சைக்கிள், வீடு மாற்றம்: எல்லோரும் கேட்கிற கேள்விகளுக்கு என் பதில்கள்

போன ஆனி மாதம் குமரி மாவட்டத்துத் தக்கலையிலிருந்து சுசீந்திரம் பக்கம் வீடு மாறினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் என் பி.எச்டி. ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டம் அதே மாதத்தில் வந்தது, 200 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்ததும் அதே மாதத்துக்குத்தான், இதையெல்லாம் தாங்க வேண்டிய முதுகிலோ இரண்டு வருடமாக ஒரு டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை) பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. கூடச் சைக்கிள் மிதிக்கிறவர்கள், ஜூனியர் ஸ்காலர்கள், சொந்தக்காரர்கள் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. குளத்துத் தண்ணீரையும் அதில் வளரும் செடிகளையும் ஆராய்கிறவள், அவ்வளவுதான்.

வலி எப்படி வந்தது? சைக்கிளிலிருந்து விழுந்தீர்களா?

விழவில்லை. துணி கிளிப் எடுக்கக் குனிந்தேன், அதுதான் நடந்தது. முந்தின நாள் முழுக்க ஒரு கட்டுரையைத் திருத்துகிறேன் என்று பிளாஸ்டிக் நாற்காலியில் 11 மணி நேரம் கூனி உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை 6 மணிக்கு மழை தூறுகிறது என்று படுக்கையிலிருந்து எழுந்த வேகத்தில் மாடிக்கு ஓடினேன், நீலக் கிளிப் ஒன்று கீழே விழுந்தது, குனிந்தவள் நிமிரவில்லை. கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் அப்படியே நின்றேன். துணியெல்லாம் நனைந்தது.

அம்மா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "எல்லாம் அந்த சைக்கிள் சவுட்டினதுதான்." (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் ஊரில் சைக்கிளை மிதிப்பதில்லை, சவுட்டுவோம்.) அன்றிலிருந்து வீட்டில் சைக்கிள்தான் குற்றவாளி. 11 மணி நேரம் உட்கார்ந்த நாற்காலி மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை, இன்றைக்கும் அதில் உட்கார்ந்துதான் அப்பா பேப்பர் படிக்கிறார்.

அப்படியானால் சைக்கிளுக்கு இதில் பங்கே இல்லையா?

உண்டு, ஆனால் தனியாக இல்லை. நாற்காலியில் கூனி உட்காரும்போது கீழ் முதுகு முன்பக்கமாக மடங்குகிறது. சைக்கிளில் கைப்பிடியை நோக்கிக் குனியும்போதும் அதே பக்கம்தான் மடங்குகிறது. நமக்கு ஒன்று ஆராய்ச்சி, இன்னொன்று உடற்பயிற்சி. முதுகைக் கேட்டால் இரண்டும் ஒரே வேலை என்றுதான் சொல்லும். நாலு மணி நேரம் தட்டச்சு செய்துவிட்டு "உட்கார்ந்தே இருந்தாச்சு, கொஞ்சம் உடம்பை அசைப்போம்" என்று நேராகச் சைக்கிளில் ஏறினால் ஓய்வு எடுத்ததாக நமக்குத் தோன்றும், முதுகுக்கு அது ஐந்தாவது மணி நேரம். வீடு மாற்றும்போது பெட்டி மேல் குனிந்து குனிந்து சாமான் அடுக்குகிறோமே, அதையும் இதே கணக்கில்தான் எழுத வேண்டும்.

இது புரிந்த பிறகுதான் எனக்கு விடிவு வந்தது. நாற்காலிக்கும் சைக்கிளுக்கும் நடுவில் பத்து நிமிடமாவது நடப்பேன், அப்புறம் கைகளை இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்பக்கம் ஐந்தாறு முறை சாய்வேன். பின்பக்கம் சாய்ந்தால் வலி கூடுகிறவர்களும் உண்டு. அவர்கள் இதைச் செய்ய வேண்டாம், பிசியோதெரபிஸ்டிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால், அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால். சைக்கிள் சீட்டில் படுகிற பகுதி மரத்துப்போனால், காலில் பலம் குறைந்து பாதம் தொங்கினால், வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ இருந்தால், விழுந்து அடிபட்டதற்குப் பிறகு வந்த வலியாக இருந்தால். இதில் எது இருந்தாலும் தைலம், கஷாயம், என்னுடைய பதில்கள் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்புங்கள். சிறுநீர், மலச் சிக்கலையும் சீட்டுப் பகுதி மரத்துப்போவதையும் அன்றைய ராத்திரியைக்கூடத் தாண்டவிடக் கூடாது.

இவை எதுவும் இல்லாத சாதாரண நடு (இடுப்பு) வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். படுத்தே கிடக்கத் தேவையில்லை. முடிந்த அளவுக்கு நடமாடிக்கொண்டிருப்பதுதான் நல்லது என்றுதான் இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள்.

எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாமா?

டாக்டர் சொன்னால் எடுங்கள், மனத்திருப்திக்காக வேண்டாம். வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2015-இல் வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது, 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கு. அதாவது படத்தில் பிதுக்கம் தெரிந்தால் அதுதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. நான் ரிப்போர்ட்டை வாங்கி ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் படித்து ஒரு மாதம் சைக்கிளைத் தொடாமல் பயந்து கிடந்தேன். முதுகு வலியைவிட அந்த மாதம்தான் மோசம்.

வர்ம ஆசானிடம் போகலாமா?

குமரி மாவட்டத்தில் முதுகு வலி என்று சொல்லிவிட்டு ஆசான் பெயர் காதில் விழாமல் வீடு திரும்ப முடியாது. உடம்பில் 108 வர்மப் புள்ளி, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்கோடு சொல்கிற பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நானும் போனேன். காயத்திருமேனித் தைலம் போட்டுத் தடவியதில் இறுகிக் கிடந்த தசை இளகியது, இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். தசைப்பிடிப்புக்கு அது சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கால் வரைக்கும் நரம்பு இழுக்கிற நேரத்தில் முதுகில் ஏறி மிதிப்பது, டக்கென்று திருப்பி நெட்டி எடுப்பது இதற்கெல்லாம் உடம்பைக் கொடுக்காதீர்கள். முறையாகப் படித்தவர்களிடம் போக நினைத்தால் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. யாரிடம் போனாலும் எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.

எனக்கு நிரந்தரமாக உதவியது அலுப்பூட்டும் மூன்று பயிற்சிகள். கைகால் ஊன்றித் தவழும் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிற்பது, மல்லாந்து படுத்து ஒரு காலை மட்டும் மடக்கித் தலையையும் தோளையும் ஒரு விரற்கடை உயர்த்துவது. கனடாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் என்ற முதுகெலும்பு ஆய்வாளர் பரப்பியவை. மொத்தம் 12 நிமிடம் ஆகும். பாயைச் சுருட்டுவதற்கு முன்னால் செய்தால்தான் உண்டு, சுருட்டிவிட்டால் அன்றைக்கு நடக்காது.

சைக்கிளில் என்னென்ன மாற்றினீர்கள்?

முதலில் சீட்டு உயரம். நான் ரொம்ப நாளாக உயர்த்தி வைத்திருந்தேன், அதுதான் பார்க்க ரேஸ்காரர் மாதிரி இருக்கும். சீட்டு உயரமாக இருந்தால் பெடல் கீழே போகும்போது கால் எட்டாமல் இடுப்பு அந்தப் பக்கம் சரியும், அடுத்த மிதிக்கு இந்தப் பக்கம் சரியும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு எத்தனை முறை இடுப்பு ஆடும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் நண்பரிடம் "என் இடுப்பு ஆடுதா பாரு" என்று கேட்டாலே தெரிந்துவிடும், கேட்க வெட்கமாக இருந்தால் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

கணக்காக வேண்டுமென்றால், சுவரை ஒட்டி வெறுங்காலில் நின்று ஒரு தடித்த புத்தகத்தைத் தொடையிடுக்கில் இறுக்கி வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். எனக்கு 74 சென்டிமீட்டர், பெருக்கினால் 65.3. இரண்டு பெடல் தண்டுகளும் சேர்ந்து சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்புவரை அந்த அளவு. இது தொடக்கப்புள்ளிதான், அங்கிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். கணக்கே வேண்டாம் என்றால் குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழே தள்ளுங்கள், முழங்கால் அப்போதுதான் நேராக வேண்டும்.

அப்புறம் கைப்பிடி. குனிவைக் குறைக்க ஸ்டெம்மை (கைப்பிடியைச் சைக்கிளோடு பிணைக்கும் துண்டு) கழற்றித் தலைகீழாகப் போட்டேன், கைப்பிடி கொஞ்சம் உயர்ந்தது, செலவு ஒரு டீக்காசு. சீட்டின் மூக்கை இம்மி கீழே இறக்கினேன், அதனால் இடுப்பு முன்னோக்கிச் சாய்வது எளிதானது, முதுகு கூனுவது குறைந்தது. ரொம்பவும் இறக்கிவிட்டால் முன்னால் வழுக்கிக் கொண்டு போவீர்கள், பாரம் முழுக்க மணிக்கட்டில் வந்து நிற்கும். டயரை அகலமாக்கிக் காற்றையும் குறைத்தேன். கல் போலக் காற்றடித்தால்தான் வேகம் என்று கடைக்கார அண்ணன் இன்றைக்கும் என்னோடு சண்டை போடுகிறார். எங்கள் ஊர் வேகத்தடைகளில் அவரை ஒருநாள் என் சீட்டில் உட்கார்த்தி வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், முதுகில் பையே மாட்டுவதில்லை. லேப்டாப், தண்ணீர் மாதிரி எடுக்கும் பாட்டில்கள், பூட்டு எல்லாம் கேரியரின் இருபுறமும் தொங்கும் பையில். ஒரு லிட்டர் பாட்டில் 12 நிரப்பினால் 12 கிலோ, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தேரூர்க் குளத்திலிருந்து கல்லூரி வரைக்கும் ஒரு வருடம் மிதித்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் என் மேலேயே கோபம் வருகிறது.

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

இதைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பதற்கு அதுதான் காரணம். உப்பிய டிஸ்க்கை மடக்கினால் அழுத்தம் கூடும். காலையில் எழுந்த கையோடு அதிகம் குனியாமல் பார்த்துக்கொண்டாலே நாள்பட்ட வலி குறைகிறது என்று 1990-களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். என் துணி கிளிப் கதையும் இதேதான்.

நாமோ 4.45-க்கு அலாரம், 5 மணிக்குச் சாலையில், கைப்பிடி மேல் கவிழ்ந்துகொண்டு போகிறோம். இப்போது நான் 4.30-க்கு எழுந்து கட்டன்சாயா போட்டுக் குடித்துவிட்டு முற்றத்தில் நடந்து 5.30-க்குத்தான் ஏறுகிறேன், முதல் 5 கிலோமீட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தபடி. ஷூ நாடாவை நின்றபடி குனிந்து கட்டுவதில்லை, திண்ணையில் உட்கார்ந்து காலை மேலே தூக்கி வைத்துக் கட்டுகிறேன். சைக்கிள் குழுவில் என்னைக் கிழவி என்கிறார்கள். இருக்கட்டும்.

முதுகு வலிக்காரர்களுக்கு நம் மாவட்டத்தில் எந்த ரோடு நல்லது?

சுசீந்திரம், தேரூர், மருங்கூர், அஞ்சுகிராமம், வட்டக்கோட்டை, கன்னியாகுமரி, திரும்பச் சுசீந்திரம் என்று ஒரு வட்டம், ஏறக்குறைய 40 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் கிடையாது. குளக்கரையில் நிறுத்தி நடக்கலாம், வலசை வரும் மாதங்களில் பறவை பார்க்கிற சாக்கில் முதுகை நிமிர்த்தலாம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்தை 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்த்தார்கள், என் ஆராய்ச்சியும் அங்கேதான், அதனால் எனக்கு ஒருதலைப்பட்சம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் நிழலில் போவது சொர்க்கம், ஆனால் ஏறி இறங்கி ஏறும் சாலை. பெரிய கியரில் மல்லுக்கட்டி ஏறினால் அன்றைக்குச் சாயங்காலமே இடுப்பு கணக்குக் கேட்கும். சின்ன கியரில் வேகமாகச் சுற்றுங்கள். கல் ஏற்றின டாரஸ் லாரிகள் ஓடும் ரோட்டில் போகவே வேண்டாம், ஓரத்தில் ஒதுங்கி ஒதுங்கிப் பள்ளத்தில் விழுந்தே முதுகு போகும்.

ஆரல்வாய்மொழி பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாக மேல்காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று) அடிக்கும், அதனால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை. நாகர்கோவிலிலிருந்து போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும், ஆகா நாம் தேறிவிட்டோம் என்று நினைத்து முப்பந்தலையும் தாண்டிப் போய்விடுவோம். திரும்பும்போதுதான் தெரியும். எதிர்காற்றில் தலையைத் தாழ்த்தி இரண்டு மணி நேரம் மடங்கியே வர வேண்டும்.

தீசிஸ் எழுத உட்கார்ந்துதானே ஆக வேண்டும்?

ஆமாம், ஆனால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்தால் போதும், விலை உயர்ந்த நாற்காலி வேண்டாம். நான் தண்ணீர்ச் செம்பை அடுக்களையில் வைத்துவிடுவேன், மேசையில் வைக்க மாட்டேன். தாகம் எடுத்தால் எழுந்துதானே ஆக வேண்டும். கட்டுரைகளைப் படிப்பது நின்றபடிதான். சமையல் மேடையில் அரிசி டப்பா, அதன் மேல் லேப்டாப், என் உயரத்துக்குச் சரியாக இருக்கிறது. எழுதுவதற்கு முன் யோசிக்கிற பகுதியை நடந்துகொண்டே போனில் பேசிப் பதிவு செய்கிறேன். என் மூன்றாம் இயலில் பாதி வடசேரிக்கும் வீட்டுக்கும் நடுவில் நடந்தபடி பேசியது. பின்னணியில் பஸ் ஹாரன் கேட்கும்.

கைடிடம் (ஆய்வு நெறியாளரிடம்) முதுகு வலியைச் சொல்லலாமா? சாக்குச் சொல்வதாக நினைத்துவிட்டால்?

சொல்லுங்கள். நான் எட்டு மாதம் மறைத்தேன், அதற்குள் "இந்தப் பொண்ணுக்கு ஆர்வம் குறைஞ்சுபோச்சு" என்று மேடம் முடிவு கட்டியிருந்தார். மருத்துவச் சீட்டோடு போய், "மேடம், இந்த மாதம் களப்பணி முடியாது, அதற்குப் பதிலாக இருக்கிற தரவை அலசி இரண்டு அட்டவணை தருகிறேன்" என்று தேதியோடு சொன்னேன், உடனே சரி என்றார். "முடியலை மேடம்" என்று மட்டும் சொல்லி நின்றிருந்தால் அதே பதில் வந்திருக்குமா தெரியாது.

காலக்கெடு பயமும் கொஞ்சம் குறையட்டும். 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பி.எச்டி.க்குக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். மறுபதிவு செய்தால் மேலும் 2 வருடம், பெண்களுக்கு அதற்கு மேலும் 2 வருடம் கேட்கலாம். அதற்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பழைய விதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழு முன்னால் போய் நிற்பது மட்டும் தப்பாது. நான் போனமுறை உட்காராமல் நின்றே பேச அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். நின்றதால் சுருக்கமாகவும் பேசினேன்.

வீடு தேடும்போது என்ன பார்க்க வேண்டும்?

தரைத்தளம். சைக்கிளைத் தூக்காமல் உருட்டி உள்ளே கொண்டு போக முடிகிற வாசல். கிணறு மட்டும் இருந்தால் மோட்டார் ஓடுகிறதா என்று போட்டுப் பாருங்கள், "கரண்ட் போனா இறைச்சுக்கலாம்" என்பார்கள், வாளிக்கயிறு இழுப்பது நமக்கு ஆகாது. சமையல் மேடை உயரம். அட்வான்ஸ் விஷயத்தில், தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. சட்டம் பேசினால் வீடு கிடைக்காது என்பதும் உண்மைதான், தெரிந்து வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

எந்த மாதத்தில் மாறுவது?

உங்கள் இஷ்டம் என்று சொல்ல ஆசைதான். ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், அதனால் வீட்டுக்காரர் "ஆடிக்கு முன்னாடி காலி பண்ணிருங்க" என்றார், அவர் மகனுக்கு ஆவணியில் கல்யாணம். எல்லோரும் ஆனியில்தான் மாறுகிறார்கள், ஆகவே குட்டியானை வண்டியும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது, கூடவே தென்மேற்குப் பருவமழை வேறு. முடிந்தால் ஆவணிக்குத் தள்ளுங்கள்.

புத்தகம், பீரோ, சிலிண்டர்… எப்படித் தூக்கினீர்கள்?

தூக்கவில்லை. பீரோ, கட்டில், கிரைண்டர், சிலிண்டர் நான்கையும் நான் தொடக்கூட மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டேன். சமையல் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, காலி உருளை இன்னொரு 15 கிலோவுக்குப் பக்கம்.

எடையைவிட அதை எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோம் என்பதுதான் விஷயம். முதுகுத் தசைகள் எலும்பின் சுழல் மையத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் போலத்தான் தள்ளி இருக்கின்றன. 10 கிலோ பெட்டியை 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் தசை ஏறக்குறைய 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும், வயிற்றோடு அணைத்து 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அது 50 ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல்தான்.

வடசேரிப் பழக்கடைகளில் ஆப்பிள் அட்டைப்பெட்டி வாங்கி அதில் புத்தகம் அடுக்கும் தப்பை எல்லோரும் செய்கிறோம். நிரப்பிய பிறகு அசையாது. நான் பத்துப் பத்துப் புத்தகமாகச் சணலில் கட்டினேன், இரண்டு கையிலும் ஒவ்வொரு கட்டு, இரண்டு பக்கமும் சமம். ஆப்பிள் பெட்டியில் தலையணையும் துணியும் போட்டேன். கட்டும்போது தரையில் குனியவில்லை, கட்டில் மேல் வைத்துக் கட்டினேன், அதனால் கட்டில்தான் கடைசியாக வண்டி ஏறியது.

பீரோவுக்கு வந்த அண்ணனுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். வந்தவர் உடனே தூக்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே ஒன்றும் இல்லையா என்று தட்டிப் பார்த்தார், சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்தார், கதவு திறக்காமல் கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றினார். தோளில் கிடந்த துவர்த்தை (துண்டை) மடித்துச் சும்மாடாக்கி முதுகில் வைத்து, முழங்காலை மடக்கி நின்றார். கூட வந்தவர் பீரோவைச் சாய்த்து அவர் முதுகில் மெதுவாக இறக்கினார். எழுந்தபோது கால்தான் நிமிர்ந்தது, முதுகு இருந்த இடத்தில் இருந்தது. வாசல் திருப்பத்தில் குட்டிக் குட்டியாக நாலு எட்டு வைத்து முழு உடம்பையும் திருப்பினார். நான் வாய்பிளந்து பார்ப்பதைக் கண்டு, "நடு திரும்பப்பிடாது மக்ளே, காலுதான் திரும்பணும்" என்றார். பிசியோதெரபிஸ்ட் மூன்று முறை வரவழைத்துச் சொல்லித்தந்த அதே பாடம். பேசிய கூலிக்கு மேல் கொஞ்சம் கொடுத்தேன், நீங்களும் கொடுங்கள். ஆள் கூலியை மிச்சம் பிடித்து அதை ஸ்கேன் சென்டரில் கொடுப்பதில் என்ன லாபம்?

இதையெல்லாம் ஒரே மாதத்தில் எப்படித்தான் சமாளித்தீர்கள்?

முழுதாகச் சமாளிக்கவில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு வேலைதான் முதலாளி, மற்ற இரண்டும் கூலிக்கு நிற்கட்டும் என்று திட்டம் போட்டேன். முதல் வாரம் குழுக் கூட்டம், சைக்கிள் தினமும் 20 நிமிடம் சும்மா சுற்ற மட்டும், சாமான் பக்கமே போகவில்லை. இரண்டாவது வாரம் நாளுக்கு அரை மணி நேரம் சாமான் கட்டுவது, ஒரு நாளைக்கு ஒரு அலமாரி. அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது.

மூன்றாவது ஞாயிறு கெடுத்துக்கொண்டேன். மழை வெறித்திருந்தது, காலையில் 80 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தேன், உடம்பு லேசாக இருந்தது, அந்தத் தெம்பில் சாயங்காலம் அடுக்களைச் சாமான் முழுவதையும் ஒரே மூச்சில் கட்டினேன், தரையில் உட்கார்ந்து, குனிந்து, பித்தளைக் குத்துவிளக்கு உட்பட. மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. நாற்காலி மேல் கெண்டைக்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பாயில் மல்லாந்து கிடந்தேன், நடுநடுவே சுவரைப் பிடித்து முற்றத்தில் நடந்தேன், இப்படியே மூன்று நாள். சைக்கிளும் சாமான் கட்டுவதும் ஒரே நாளில் கூடாது என்று எனக்குத் தெரியும். இந்தப் பதில்களில் பாதியை அன்றைக்கே என்னால் எழுதியிருக்க முடியும். ஆனாலும் செய்தேன்.

அப்போ அந்த 200 கிலோமீட்டர்?

போகவில்லை. பி.ஆர்.எம். என்று சொல்லும் நெடுந்தூர ஓட்டத்தில் 200-க்கு 13.5 மணி நேரம் கொடுக்கிறார்கள், மணிக்கு சராசரி 15 கிலோமீட்டர்கூடத் தேவையில்லை, நின்று நடந்து டீ குடித்தே முடிக்கலாம், முதுகு வலிக்காரர்களுக்கு ரேஸைவிட இதுதான் ஏற்றது. ஆனால் நான் பெயர் கொடுத்திருந்த நாள் வீடு மாறி எட்டாவது நாள். பட்டியலில் என் பெயருக்கு நேரே டி.என்.எஸ்., அதாவது கிளம்பவே இல்லை. கட்டின பணம் போனது. அடுத்ததற்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், இந்த முறை அந்த மாதத்தில் வேறு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

வீடு மாறி எத்தனை நாள் கழித்துச் சைக்கிள் எடுக்கலாம்?

வலி காலுக்கு இறங்காமல், இருமினால் தும்மினால் இடுப்பில் வெட்டு விழாமல், அரை மணி நேரம் சாதாரணமாக நடக்க முடிந்தால் எடுக்கலாம். முதலில் 20 நிமிடம், சமதரையில். மறுநாள் காலை வலி கூடவில்லை என்றால் அடுத்த முறை கொஞ்சம் கூட்டுங்கள்.

சைக்கிளையும் வண்டியில் ஏற்றித்தானே கொண்டு வந்தீர்கள்?

குட்டியானையில் இடமில்லை என்று தம்பி சொன்னான். இடம் இருந்தது, எனக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும். அம்மாவையும் பால் பாத்திரத்தையும் முன்சீட்டில் ஏற்றிவிட்டு நான் தக்கலையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தேன், 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல், நிமிர்ந்து உட்கார்ந்தபடி, இரண்டு இடத்தில் இறங்கி நடந்து, முதுகில் பை இல்லாமல். சுசீந்திரம் வந்து சேர்ந்தபோது பால் பொங்கி முடிந்து ஆறியிருந்தது. அம்மா ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "சைக்கிள உள்ள வச்சிராத, வெளியிலயே நிக்கட்டு" என்றாள். அன்று ராத்திரி மழை பிடித்ததும் அவளே எழுந்து உருட்டிக்கொண்டு வந்து வராந்தாவில் நிறுத்தினாள்.